கோடு போடுறதுக்கு முன்னாடி எங்கள கூப்பிடுங்க

எங்க பஞ்சாயத்து தலைவருக்கும் மெம்பர்மாருக்கும் ஓவர்சியர் சாருக்கும் வணக்கம். கேரளாவுல தேவிகுளம் தாலுகால, ஒரு தேயிலை எஸ்டேட் லயத்துலருந்து, அதாவது தொழிலாளிங்க வரிசை வீட்டுலருந்து, முக்குல வரப்போற பொதுக்கழிப்பறையப் பத்தி எழுதுறேன்.

முக்குல போன வருஷம் கட்டுன பஸ் வெயிட்டிங் ஷெட்ட மழைக்காலத்துல ஒருவாட்டி வந்து பாருங்க. ஜூன்ல தென்மேற்கு மழை எந்தப் பக்கத்துலருந்து அடிக்குமோ அந்தப் பக்கமா வாய தொறந்து கட்டியிருக்காங்க, உள்ள பெஞ்செல்லாம் நனைஞ்சு கெடக்கு, பள்ளிக்கூடப் பிள்ளைங்களும் ஆஸ்பத்திரிக்கு போற பாட்டிமாரும் ஷெட்டுக்கு பின்னாடி செவுத்த ஒட்டி குடைய சாச்சுக்கிட்டு நிக்கிறாங்க. செவுரு எழும்பும்போதே அக்காமாரு கொத்தனார்கிட்ட சொன்னாங்க, இப்படி திருப்பி வைப்பான்னு. பிளான்ல இப்படித்தான் இருக்குன்னுட்டார். அவர் என்ன பண்ணுவார் பாவம்.

கிராம சபைக்கு ஏன் வரலன்னு கேப்பீங்க. கூட்டம் வச்சது வேல நாள், காலைல 11 மணிக்கு. எங்கம்மா 8 மணிக்கு கொழுந்து எடுக்க ஏறுனா எறங்க சாயங்காலம் ஆகும், லீவு போட்டா அன்னைக்கு சம்பளம் போச்சு. நோட்டீஸும் மலையாளத்துல மட்டும். மலையாளம் பேசுவோம், ஆனா எங்கம்மா வயசுக்காரங்க பலபேருக்கு படிக்கத் தெரியாது. தமிழ்ல எழுதிக் குடுத்தா தமிழ்லயே பதில் வாங்குற உரிமை கேரள ஆட்சிமொழிச் சட்டத்துலயே நமக்கு இருக்குறப்போ ஒரு நோட்டீஸ் தமிழ்ல அடிக்கிறது பெரிய காரியமா?

1996ல இந்த மாநிலத்துல மக்கள் திட்டம்னு ஆரம்பிச்சு, திட்டப் பணத்துல 35லருந்து 40 சதவீதத்த உள்ளாட்சிக்கு ஒதுக்குனதே ஊருக்கு என்ன வேணும்னு ஊர்க்காரங்க சொல்லணும்னுதான். வார்டு ஓட்டர்ல 10 சதவீதம் பேர் வந்தாத்தான் கிராம சபைக் கூட்டம் செல்லும், வாஸ்தவம். அதுக்குன்னு நோட்டுல கையெழுத்து வாங்கிட்டுப் போறது எங்கள கேட்டதா ஆகாதுங்க.

இப்போ அதே முக்குல பொதுக்கழிப்பறை வரப்போகுதுன்னு கேள்விப்பட்டோம். ரொம்ப சந்தோஷம், மனசார சொல்றேன், எத்தனை வருஷமா கேட்டது. ஆனா கதவ ரோட்டப் பாத்து வச்சா, ஆம்பளைங்க கூட்டமா நிக்கிற டீக்கட முன்னாடி எந்தப் பொண்ணும் உள்ள போகமாட்டா. மார்ச் மாசம் ஊத்து வத்திரும், தொட்டி எவ்வளவு பெருசு வேணும்னு தெனமும் தண்ணி செமக்கிறவங்களுக்குத்தான் தெரியும். பைய மாட்ட ஒரு கொக்கி, மாசத்துணிய போட மூடி வச்ச ஒரு டப்பா, ராத்திரி கடைசி பஸ்ல எறங்குறவங்களுக்கு ஒரு லைட், முட்டி மடக்க முடியாத பாட்டிக்கு புடிச்சு எந்திரிக்க ஒரு கம்பி, இதெல்லாம் லயத்து வாசல்ல உக்காந்து பேசுனா அரமணி நேரத்துல வந்துரும். எஸ்டிமேட் பாஸானதுக்கப்புறம் வந்து கேட்டீங்கன்னா யாரால என்ன மாத்த முடியும்?

வர்ற ஞாயித்துக்கிழமை சாயங்காலம் 4 மணிக்கு நாங்க முக்குல இருப்போம். தரையில கோடு போட சுண்ணாம்புப் பொடி நாங்களே கொண்டு வர்றோம். ஓவர்சியர் சார டேப்போட அனுப்பி வைங்க.