நோயாளர் பணிக்குழுவின் ஆண்டறிக்கை, சுங்கை சிப்புட்

பங்குத்தந்தை அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதத்தின் முதல் ஞாயிறன்று தமிழ்த் திருப்பலிக்குப் பிறகு இரத்த அழுத்தமும் இரத்தத்தில் உள்ள சீனியின் அளவும் பார்க்கும் பணி தொடர்கிறது. தோட்டத்து லயங்களில் படுக்கையில் இருப்போரை நற்கருணைப் பணியாளரும் ஓய்வுபெற்ற மிஸ்ஸியும் (தாதியும்) சேர்ந்தே சந்திக்கிறார்கள். "நோயுற்றிருந்தேன், என்னைக் கவனித்துக்கொண்டீர்கள்" (மத்தேயு 25:36) என்ற வசனத்தில் கவனிப்பு என்பது சரியான கவனிப்பே. தவறாகப் பார்த்த அளவு நோயாளிக்கு உதவாது.

கையில் பலகாரப் பாகு ஒட்டியிருந்தால் சீனி கூடுதலாகக் காட்டும். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்த பிறகே விரல் நுனியின் பக்கவாட்டில் குத்த வேண்டும். சீனி பார்க்கும் ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்து வைத்தால், ஸ்ட்ரிப்புகள் நம் ஊர் ஈரக்காற்றில் கெட்டுவிடும். பருத்த கைக்கு அழுத்தம் பார்க்கும் சிறிய பட்டையைச் சுற்றினால் இரத்த அழுத்தமும் ஏறித் தெரியும். ஐந்து நிமிடம் உட்காரவைத்துத்தான் பார்க்க வேண்டும்.

குழுவை அதிகம் கவலைப்படுத்துவது தவக்காலம். இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ள பெரியவர்கள் நோன்பென்று பசியாறாமல், வழக்கமான மாத்திரையையோ இன்சுலினையோ மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். சீனி இறங்கி வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். அளவு லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே போனால், நினைவோடு இருப்பவருக்கு மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அளவு ஏறியதும் சாப்பாடு. நினைவில்லாதவர் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, உடனே 999-க்கு அழைத்து ஆம்புலன்ஸ் வரவழைக்க வேண்டும்.

திருச்சபைச் சட்டப்படி நோன்பு 18 முதல் 59 வயதுவரைதான், அதுவும் திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் மட்டுமே. நோயாளிகளுக்கு விலக்கு உண்டு. நற்கருணைக்கு முந்தைய ஒரு மணி நேர நோன்பும் முதியோரையும் நோயாளிகளையும் அவர்களைப் பராமரிப்போரையும் கட்டுப்படுத்தாது. இதைத் திருநீற்றுப் புதனுக்கு முந்தைய ஞாயிறு பீடத்திலிருந்தே அறிவிக்கும்படி பங்குத்தந்தையைக் கேட்டுக்கொள்கிறோம். நாங்கள் சொன்னால் பாட்டிமார் கேட்பதில்லை, சாமி சொன்னால் கேட்பார்கள்.

பிப்ரவரி 11, உலக நோயாளர் தினத்தில் மருத்துவர் அன்னா டெங்கல் பற்றிப் பேசப்பட்டது. ஆண் மருத்துவரிடம் காட்ட மாட்டாமல் ராவல்பிண்டியில் பெண்கள் இறப்பதைக் கண்ட அவர், 1925இல் மருத்துவ மறைப்பணிச் சகோதரிகள் சபையைத் தொடங்கினார். கன்னியர் பிரசவம் பார்க்க 1936இல்தான் ரோமாபுரி அனுமதி தந்தது.

வரும் ஆண்டுக்குப் பெரிய அளவு இரத்த அழுத்தப் பட்டை ஒன்றும், ஊசிகளைப் போடும் கெட்டியான டப்பாக்களும் தேவை. நன்கொடை தர விரும்புவோர் பொருளாளரிடம் பெயர் கொடுக்கலாம்.

செயலாளர்