சட்டை வழக்கு

திருப்பூர்,
ஞாயிறு இரவு

மாப்ளே,

நலம். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, மகள் வீட்டில் எல்லோரும் சுகம், மழை பேருக்குப் பெய்தது. போதுமா? உன் மௌனத்துக்கு ஒரு பக்கம் திட்டத்தான் உட்கார்ந்தேன். சொல்ல வேண்டிய சங்கதி வேறு இருப்பதால் பிழைத்தாய்.

நம்ம கூட்டாளி தந்தியின் பவர்டேபிள் தையல் யூனிட்டில் ஞாயிறு மதியம் மிஷின் ஓடாது. அங்கே கட்டிங் டேபிளில் பைபிளையும் குர்ஆனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நானும் மாஸ்டர் பாயும் படிக்கிறோம். சிரிக்காதே. தந்தி வடை வாங்கி வைத்துவிட்டு நடுவர் மாதிரி உட்கார்ந்துகொள்வான். இரண்டு புத்தகமும் அவனுடையது இல்லை, அதனால் கேள்வி பூராவும் அவனுடையது.

யோசேப்பு கதையை எடுத்தோம். எனக்கு அது ஆதியாகமம் 37ஆம் அதிகாரத்தில் தொடங்கி 50 வரை போகிறது. பாய்க்கு அவர் யூசுஃப். 12ஆம் சூரா, 111 வசனத்தில் கதை முடிந்துவிடுகிறது. போன வேகத்தில் சட்டையில் மாட்டிக்கொண்டோம். திருப்பூர்க்காரன் வேறெதில் மாட்டுவான்?

என் புத்தகத்தில் அண்ணன்மார் யோசேப்பை விற்றுவிட்டு, அவனுடைய பலவருண அங்கியை வெள்ளாட்டு ரத்தத்தில் தோய்த்து அப்பனிடம் காட்டுகிறார்கள். யாக்கோபு அப்படியே நம்பி, தன் துணியைக் கிழித்துக்கொண்டு அழுகிறார். குர்ஆனிலும் ரத்தச் சட்டை வருகிறது, ஓநாய் தின்றுவிட்டது என்கிறார்கள். யாகூப் நம்பவில்லை. நீங்களாக எதையோ ஜோடித்திருக்கிறீர்கள், எனக்கு இனி அழகிய பொறுமைதான் என்கிறார். ஏன் நம்பவில்லை என்று தந்தி கேட்டான். "ஏனுங்க, ஓநாய் ஆளைத் தின்னுச்சுன்னா சட்டை மட்டும் எப்படிங்க முழுசா இருக்கும்?" என்றார் பாய். குர்ஆனில் அந்த வரி கிடையாது, விரிவுரை எழுதிய பழைய ஆலிம்கள் சொன்னதாம். செக்கிங் டேபிளில் பீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தே வயசான மனுசனுக்கு அது யாரும் சொல்லாமலே தோன்றியிருக்கும்.

அப்புறம் எகிப்து. ஆதியாகமத்தில் எஜமானின் மனைவி ஆசைப்பட்டுப் பிடித்து இழுக்க, யோசேப்பு துணியை அந்தம்மாள் கையில் விட்டுவிட்டு ஓடுகிறான். அதையே சாட்சியாகக் காட்டி அவனை உள்ளே தள்ளுகிறார்கள். குர்ஆனில் இருவரும் கதவை நோக்கி ஓடுகிறார்கள், சட்டை பின்னால் கிழிகிறது, வாசலில் புருஷன் நிற்கிறான். முன்பக்கம் கிழிந்திருந்தால் அவள் சொல்வது உண்மை, பின்பக்கம் என்றால் அவன் சொல்வது உண்மை என்று ஒருவர் வழி சொல்கிறார். பாய் எழுந்து தன் சட்டையிலேயே காட்டினார். முன்னால் பிடித்து இழுத்தால் பட்டன் தெறிக்கும், ஓடுகிறவனைப் பின்னால் பிடித்தால் கழுத்துப்பட்டைக்குக் கீழே விடும். தந்தி வடையைக் கீழே வைத்துவிட்டான்.

அப்படிச் சொன்னவர் அந்தம்மாளின் சொந்தக்காரர், மாப்ளே. குற்றம் சாட்டியவளின் வீட்டு ஆள். பாய் அந்த இடத்தில் நிறுத்திவிட்டார். 1997 நவம்பர் கலவரமும், அடுத்த பிப்ரவரியில் 58 பேரைக் கொன்ற குண்டுவெடிப்பும் நடந்தபோது அவர் கோவையில் தையல் கடை வைத்திருந்தார், உனக்குத் தெரியும். பிறகு பேரைக் கேட்டதுமே இடம் இல்லை என்றார்கள். "எந்தப் பக்கம் கிழிஞ்சிருக்குன்னு பாருங்கன்னு சொல்ல அன்னைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருத்தர் வரலைங்க" என்றார். நானும் அந்தப் பக்கம்தானே. பதில் சொல்லத் தெரியவில்லை. அத்தனை அத்தாட்சியைப் பார்த்த பிறகும் யூசுஃபைச் சிறையில்தான் போட்டார்கள் என்பதையும் அவரே படித்துக் காட்டினார்.

கடைசியில் யூசுஃப் தன் சட்டையை அனுப்பி அப்பாவின் முகத்தில் போடச் சொல்கிறார், போன பார்வை திரும்பி வருகிறது. என் யாக்கோபுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மகன் அனுப்பின வண்டிகளைக் கண்டுதான் அவர் ஆவி உயிர்க்கிறது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

எல்லாம் ஒன்றுதான் என்று நாங்கள் சொல்லவில்லை. அப்படிச் சொல்கிற ஆள் தந்தி ஒருவன்தான், அவனை நாங்கள் இரண்டு பேருமாக அடக்குகிறோம். ஆனால் எங்கள் சபையில் ஒரு பெரியவர் "ஏன் தம்பி, நம்ம வேதம் பத்தலையா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். பாயையும் யாரோ இப்படியே கேட்டார்களாம். 1990களிலேயே பீட்டர் ஆக்ஸ் என்ற யூதப் பேராசிரியரும் டேவிட் ஃபோர்டு, டேனியல் ஹார்டி என்ற கிறிஸ்தவர்களும் இப்படிப் படிக்கத் தொடங்கி, முஸ்லிம்களும் சேர்ந்து அது கேம்பிரிட்ஜ் வரை போயிருக்கிறது. ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் அங்கேயும் இல்லை. பெரியவரிடம் இதைச் சொன்னால் கேம்பிரிட்ஜும் கெட்டுப்போச்சா என்பார்.

எங்களுக்கு ஒரு நாற்காலி காலி. மூலக்கதை யாருடையதோ அந்த யூதர்கள் இல்லை. ஆதியாகமம் 38 யோசேப்பின் அண்ணன் யூதாவும் அவன் மருமகள் தாமாரும் வரும் கதை; சண்டே ஸ்கூலில் தாண்டிப் போவார்களே, அதுதான். யோசேப்பு கதையின் நடுவில் அது எதற்கு என்று எனக்குப் பிடிபட்டதே இல்லை. ரபிமார் என்ற பழைய யூத குருமார்களின் விரிவுரையான ஆதியாகம ரப்பா சொல்கிறது: யூதா, நீ வெள்ளாட்டுக் குட்டியைக் கொண்டு அப்பனை ஏமாற்றினாய், தாமார் வெள்ளாட்டுக் குட்டியைக் கொண்டு உன்னை ஏமாற்றுவாள். அந்த யாக்கோபும் தன் அப்பனை ஏமாற்றியது வெள்ளாட்டுக் குட்டித் தோலைக் கட்டிக்கொண்டுதான். பாய் கைதட்டிவிட்டார்.

அதனால்தான் இந்தக் கடிதம். நீ எர்ணாகுளத்தில் சும்மாதானே இருக்கிறாய். 1568இல் கட்டின யூத ஜெப ஆலயம் மட்டாஞ்சேரியில் இருக்கிறது. 1948க்குப் பிறகு அந்த மக்களில் பெரும்பாலோர் இஸ்ரேல் போய்விட்டார்கள் என்பது தெரியும். இருந்தாலும் விவரம் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா, ஒரு மதியம் போனில் பேசுவார்களா என்று விசாரி. இல்லாவிட்டால் பழைய புத்தகக் கடைகளில் மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பு இங்கிலீஷில் கிடைக்குமா பார். அடுத்து நாங்கள் எடுப்பது காயீன் தம்பி ஆபேலைக் கொன்ற கதை. ஓர் உயிரைக் கொன்றவன் எல்லா உயிரையும் கொன்றவன் போல என்று குர்ஆன் 5ஆம் சூராவில் வருவது மிஷ்னாவின் சன்ஹெத்ரின் என்ற பகுதியின் 4ஆம் அதிகாரத்திலும் இருக்கிறது. இஸ்ரவேலருக்கு விதித்ததாகத்தான் குர்ஆனும் சொல்கிறது. அதைப் புத்தகமாகவே மேஜையில் வைக்க ஆசை. கிடைத்தால் பார்சல் போடாதே, நீயே எடுத்துக்கொண்டு வா. செலவு தந்தி கணக்கில்.

உன்,
கணக்குப்பிள்ளை