மட்டைக்கரி எந்த மண்ணுக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிரித்தெடுக்கும் இயந்திரங்கள் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை நன்று. ஆனால் தென்னைக் கழிவைக் கரியாக்கி நிலத்தில் போட்டால் போதும் என்று கடைசிப் பத்தியில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அதை அப்படியே செய்தால் பொள்ளாச்சிக்குக் கிழக்கே சில தோப்புகள் கெட்டுப்போகும்.

இயந்திரக் கணக்கில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. காற்றில் இந்த வாயு பத்து லட்சத்தில் 420 பங்கு சொச்சம்தான். ஒரு கன மீட்டரில் முக்கால் கிராம். ஒரு துளி நழுவாமல் பிடித்தாலும், ஒரு டன் சேர்க்க 13 லட்சம் கன மீட்டர் காற்றை விசிறி இழுக்க வேண்டும். ஐஸ்லாந்தில் கிளைம்வொர்க்ஸ் நிறுவனம் 2021இல் தொடங்கிய ஓர்கா ஆலையின் அறிவிக்கப்பட்ட திறன் ஆண்டுக்கு 4,000 டன். 2024இல் திறந்த மாமத் ஆலைக்கு 36,000 டன். வெப்பமும் மின்சாரமுமாக டன்னுக்கு 2,000 யூனிட்டுக்கு மேல் செலவாகும். அங்கே பூமிச் சூடு கிடைக்கிறது. நிலக்கரியை எரித்து ஓட்டினால் பிடிப்பதைவிட விடுவதே அதிகம்.

ஓலை இந்தப் பிடிக்கிற வேலையைக் கூலியில்லாமல் செய்து முடித்துவிடுகிறது. 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 மரம், மரத்துக்கு ஆண்டில் ஏறக்குறைய 12 மட்டை. காய்ந்த மட்டை 2 கிலோ என்று வைத்தால் 1,680 கிலோ. வரப்போரம் கொளுத்தினால் பிடித்தது அத்தனையும் அன்றே காற்றுக்குத் திரும்பிவிடும். கரியாக்கி மண்ணில் போட்டால் அதில் ஒரு பகுதி நெடுங்காலம் மண்ணிலேயே தங்கும். தேங்காய்த் தொட்டியை (சிரட்டையை) இதற்குத் தொட வேண்டாம், அதற்கு நல்ல விலை இருக்கிறது. மூடாக்காகக் கிடக்கும் மட்டையையும் எடுக்கக் கூடாது. கோடையில் ஈரம் காப்பது அதுதான். கொளுத்தப் போகிற மட்டை, பாளை, வேர் வாடல் நோயால் வெட்டிய மரம் ஆகியவையே கரி சுடும் குழிக்கு உரியவை. அந்த நோயின் கிருமி உயிருள்ள திசுவிலும் அதைப் பரப்பும் பூச்சியிலும்தான் வாழும். கரியில் வருமோ என்று அஞ்ச வேண்டாம்.

குழி, வாய் 5 அடி அகலமும் 3 அடி ஆழமுமாகப் புனல் போலச் சரிந்து இறங்க வேண்டும். அடியில் காய்ந்த பாளையைப் பற்றவைத்து, தணல் மேல் வெள்ளைச் சாம்பல் பூக்கத் தொடங்கியதும் அடுத்த அடுக்கை மெல்லியதாகப் பரப்ப வேண்டும். மேலே எரியும் சுடர் இறங்கி வரும் காற்றைத் தின்றுவிடுவதால் கீழே உள்ள கரி எரியாமல் தங்கும். இதில் கைப்பக்குவம் என்பது அடுத்த அடுக்கு போடும் நேரம்தான். முந்தினால் சுடர் அமுங்கிப் புகை கிளம்பும், பிந்தினால் கரி சாம்பலாகும்.

புகை வந்தால் வேலை பாழ் என்று கொள்ளலாம். ஈர மட்டையாக இருக்கும், அல்லது பிளக்காமல் போட்ட அடிமட்டையாக இருக்கும். புகையோடு மீத்தேன் வெளியேறுகிறது; நூறாண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைப் போல 27 மடங்குக்கு மேல் சூடேற்றும். கரியில் சேமித்ததைப் புகையில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போவதில் பயனில்லை. மட்டையை மூன்று நான்கு வாரம் காயவைத்து, அடிமட்டையை இரண்டாகவும் மரத்தை இரண்டு விரல் கனத்திலும் பிளந்துகொள்ள வேண்டும்.

குழி நிறைந்ததும் அணைக்க 200 லிட்டர் பீப்பாய் இரண்டு தண்ணீர் வேண்டும். மண் போட்டு மூடுவதானால் ஒரு பிளவுகூட இருக்கக் கூடாது. இருந்தால் காலையில் சாம்பல்தான் மிச்சம். அணைத்த கரியை ஒருநாள் கிளறி ஆறவிடாமல் சாக்கில் கட்டினால் உள்ளே கனன்று சாக்கோடு எரியும். உடைத்தால் சட்டென்று முறிய வேண்டும், உள்ளே பழுப்பு நிறம் தெரியக் கூடாது. கையில் ஒட்டியது வெறும் தண்ணீரிலேயே போக வேண்டும். பிசுபிசுத்தால் தார் தங்கியிருக்கிறது.

இனி மண். இந்தக் கரியின் கார அமில நிலை (pH; 7 என்றால் நடுநிலை, அதற்கு மேல் காரம்) பெரும்பாலும் 9, 10 இருக்கும். உடுமலைப் பக்கத்துச் சுண்ணாம்பு கலந்த மண்ணில் அது ஏற்கெனவே 8ஐத் தாண்டி, இரும்பும் துத்தநாகமும் வேருக்கு எட்டாமல் கிடக்கின்றன. அங்கே கரி போடுவது புண்ணில் உப்பு. கேரள எல்லைக்கு மேற்கே உள்ள செம்புறை மண் புளித்த மண், அதாவது அமில மண். அதைத் தணிக்க ஆண்டுதோறும் கும்மாயம் (சுண்ணாம்பு) போடுகிறார்கள். கரி அங்கேதான் போக வேண்டும். கேரளப் பக்கமே ஆனாலும் சித்தூர் வட்டாரத்துக் கரிசல் இதற்கு ஒத்துவராது. எனவே முதலில் மண் பரிசோதனை அட்டை, பிறகு குழி.

பச்சைக் கரியை நேரே போட்டால் மண்ணிலுள்ள தழைச்சத்தை அது பிடித்துக்கொண்டு பயிரை மஞ்சளாக்கும். ஒரு பங்கு கரிக்கு இரண்டு பங்கு சாணம் கலந்து மாட்டு மூத்திரம் தெளித்து மூன்று வாரம் ஊறவைத்தபின், மரத்தைச் சுற்றி 6 அடி ஆரமுள்ள வட்டப்பாத்தியில் மரத்துக்கு 10 கிலோ கரி கணக்கில் கலக்கலாம்.

கார்பன் வரவு (மண்ணில் சேமித்த கார்பனுக்குப் பணமாகும் சான்று) தருகிறோம் என்று வருபவர்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. தண்ணீர் ஊற்றி அணைத்த கரியில் பாதி எடை தண்ணீராக இருக்கலாம். காய்ந்த எடையில்தான் கணக்கு நிற்கும். மேற்சொன்ன ஏக்கரில் 1,680 கிலோ மட்டைக்குக் கரி ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 336 கிலோ. அதில் கார்பன் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவு. 12 கிலோ கார்பனுக்கு 44 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்ற விகிதத்தில் 800 கிலோ. நூறாண்டு நிலைப்பதை ஐந்தில் நான்கு பங்கு என்று வைத்தால் 640 கிலோ. ஏக்கருக்குப் பல டன் என்று எவராவது பேசினால், மட்டை எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

திருத்தத்தைத் தைக்கு முன் வெளியிட்டால் உதவியாக இருக்கும். மட்டை நன்றாகக் காய்வது தை, மாசியில்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மீனாட்சிபுரம், பாலக்காடு மாவட்டம்.