வெள்ளிப் பட்டறையில் பார்த்த ஐயாவுக்கு

கொள்ளுத்தாத்தாவின் முதல் உலகப்போர் பதக்கம், 1914, 1918 என்று பொறித்த வெள்ளி. கறுத்துப் போயிருந்ததால் பாலிஷ் போடக் கொடுத்தேன். பழைய பதக்கமொன்றின் கொக்கியைப் பற்றவைக்க வந்திருந்த நீங்கள், "தம்பி, மெஷின்ல போட விடாதீங்க, விளிம்பு எழுத்து தேய்ஞ்சிடும்" என்று பதறி எழுந்தீர்கள்.

விளிம்பில் எழுத்து இருப்பதே எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. லென்ஸை வைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி, எண், பெயர், 'சாப்பர்ஸ் அண்டு மைனர்ஸ்' (ராணுவப் பொறியாளர் படை) என்று ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினீர்கள். அந்தப் படையின் மதராஸ் சாப்பர்கள் மெசொப்பொத்தேமியா (இன்றைய ஈராக்) வரை போய்ப் போரிட்டதையும் சொன்னீர்கள். அப்புறம் பையிலிருந்து இந்தப் பதக்கத்துக்கான பழைய ரிப்பன் துண்டு ஒன்றை எடுத்துத் தந்தீர்கள், நடுவில் ஆரஞ்சு, ஓரங்களில் நீலம். காசு வாங்கவே இல்லை.

பெயர் கேட்க மறந்துவிட்டேன் ஐயா. தொண்ணூறு வயதுப் பாட்டி தன் அப்பாவின் பெயரை விரலால் தடவித் தடவிப் பார்க்கிறார். ரொம்ப நன்றி.