ஆடிப்பெருக்குக்கு முன் செய்யுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மே விடுமுறையில் ஒகேனக்கல் போயிருந்தோம். காவிரியில் குளித்துக்கொண்டிருந்த என் 13 வயது மகள் திடீரென்று என் கையை இறுகப் பிடித்து, "அம்மா, வந்துடுச்சு" என்றாள். மாதவிடாய்க்கு இன்னும் பத்து நாள் இருக்கிறதே என்று நான் எதுவும் கொண்டுபோகவில்லை. அவள் கரையேறவே மறுத்தாள். தண்ணீருக்குள் இருக்கும்வரை உதிரப்போக்கு அவ்வளவாகத் தெரியாது; ஏறியதும் தெரிந்துவிடும்.

மீன் வறுத்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர்தான் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தார். தன் பையிலிருந்து நாப்கின் எடுத்துத் தந்து, மகள் உடை மாற்றும்வரை ஒரு பழைய சேலையை மறைப்பாகப் பிடித்து நின்றார். அவர் விரல்களில் மிளகாய்த்தூள் அப்படியே ஒட்டியிருந்தது. அவருக்கு எப்படி நன்றி சொல்வேன்!

நாப்கின் தண்ணீரில் ஊறி உப்பிவிடும், குளிக்கும்போது உதவாது. உள்ளே பொருத்தும் மாதவிடாய்க் கப் போட்டுக்கொண்டு நீந்தலாம் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். பள்ளியில் இதையும் சொல்லித்தர வேண்டும்.

புது யுகம் திட்டத்தில் மாணவிகளுக்கு இலவச நாப்கின் தரும் மாநிலம் நம்முடையது. குளிக்கும் துறைகளிலும் தாழ்ப்பாள் உள்ள உடைமாற்றும் அறை, நாப்கின் இயந்திரம், மூடியுள்ள குப்பைத்தொட்டி வேண்டும். ஆடிப்பெருக்குக் கூட்டம் வருமுன் மாவட்ட நிர்வாகம் இதைச் செய்துதர வேண்டுகிறேன்.

ஒரு தாய்,
காவேரிப்பட்டினம்.