ராத்திரி தூங்கினீர்களா என்று யாரும் கேட்கவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழின் மருத்துவக் கேள்வி பதில் பகுதியில், கை கால் மடிப்பில் கரப்பான் என்ற தோல் அரிப்பு நோய் வந்து அவதிப்படுவதாக ஒரு வாசகி எழுதியிருந்தார். என்ன சோப்பு போடலாம், எந்த மாதிரி துணி உடுத்தலாம், சொறியக் கூடாது என்றெல்லாம் பதில் வந்திருந்தது. தவறான பதில் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் கேள்வியின் கடைசி வரி 'ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லை' என்பது. அதற்கு மட்டும் பதில் இல்லை. முப்பது வருஷமாக இதே நோயோடு குடித்தனம் நடத்துகிறவள் என்பதால் எனக்கு அந்த வரிதான் முதலில் கண்ணில் பட்டது.

எனக்கு 39 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். ஒன்பது வயதில் முழங்கை மடிப்பில் ஆரம்பித்தது. அப்புறம் முழங்கால் பின்புறம், கழுத்து, கண் இமை, இப்போது இரண்டு கையும். டாக்டர்கள் சீட்டில் அடாபிக் டெர்மடைட்டிஸ் என்று எழுதுவார்கள், வாயால் எக்ஸிமா என்பார்கள். அக்கம்பக்கத்தில் 'ரத்தம் கெட்டுப்போச்சு' என்பார்கள். ரத்தத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. தோலின் மேலடுக்கைக் கெட்டியாக வைத்திருக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதம் இந்த நோய் உள்ள பலருக்குப் பிறவியிலேயே குறைவு என்று 2006-இல் கண்டுபிடித்திருக்கிறார்கள். தோலில் ஈரம் நிற்காது, வெளியிலிருந்து தூசியும் கிருமியும் சுலபமாக உள்ளே போகும், உடம்பின் எதிர்ப்புச் சக்தி அளவுக்கு மீறிச் சண்டை போடும். யாருக்கும் ஒட்டாது. இதை நான் எத்தனை கல்யாண வீடுகளில் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. தாம்பூலப் பையை நீட்டும்போது எதிரில் இருப்பவர் கண் முகத்துக்கு வராமல் என் விரலிலேயே நின்றால், அவர் கேட்காமலே சொல்லிவிடுவேன். இப்போதெல்லாம் கல்யாணங்களுக்கே போவதில்லை.

சரி, ராத்திரிக்கு வருகிறேன். பகலில் வேலை இருக்கிறது, பேச்சு இருக்கிறது, அரிப்பை எப்படியோ தள்ளிப்போடலாம். பத்தரைக்குப் படுத்தால் பதினொன்றரைக்கு முதல் விழிப்பு. விழிப்பு என்றுகூடச் சொல்ல முடியாது, கை முந்திக்கொள்ளும், நான் பிறகுதான் விழிப்பேன். நகத்தை ஒட்ட வெட்டி, கையில் மகளின் பழைய ஸ்கூல் சாக்ஸை மாட்டிக்கொண்டு படுத்தாலும், காலையில் சாக்ஸ் கட்டிலுக்கு அடியில் கிடக்கும். கழற்றியது நினைவே இருக்காது. ஒரு மணிக்கு, இரண்டரைக்கு, நாலுக்கு. சரக் சரக் என்று அந்தச் சத்தத்துக்கே என் வீட்டுக்காரர் பாயைச் சுருட்டிக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டார். கோபித்துக்கொண்டு இல்லை, அவர் அஞ்சரைக்கு எழுந்து ஷிப்டுக்குப் போக வேண்டியவர். விடிவதற்கு முன்னால் படுக்கை விரிப்பில் இருக்கும் ரத்தப் புள்ளிகளைக் குளிர்ந்த தண்ணீரில் அலசிப் போட்டுவிடுவேன். அத்தை பார்த்தால் கத்தரிக்காயில் ஆரம்பித்துக் கருவாட்டில் முடிப்பார்கள்.

ராத்திரியில் மட்டும் ஏன் இப்படி என்பதற்குக் காரணம் இருக்கிறது. அழற்சியை அடக்கும் கார்ட்டிசால் நம் உடம்பிலேயே சுரக்கிறது. அது முன்னிரவிலும் நள்ளிரவிலும் மிகக் குறைவாக இருக்கும். தோலின் சூடு ஏறும். தோல் வழியாக ஈரம் போவதும் பகலைவிட அதிகம். போதாததற்குக் கவனத்தைத் திருப்ப ஒன்றும் இல்லை. தூக்கத்தை எந்திரம் வைத்து அளந்த ஆய்வுகளில், சொறிதல் பெரும்பாலும் லேசான தூக்கத்தின்போது நடப்பதைப் பார்த்திருக்கிறார்கள். ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகும் வழியிலேயே உட்கார்ந்து மறிக்கிறது. ஏழு மணி நேரம் படுத்திருந்தேன் என்று சொல்லலாம், தூங்கினேன் என்று சொல்ல முடியாது.

இது வருஷக்கணக்கில் நடந்தால் மூளை என்ன ஆகும்? என் கதையையே சொல்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பாலக்காட்டுக்கு ஒரு லோடு போனது. சரக்கு வண்டியோடு போக வேண்டிய ஜிஎஸ்டி மின்னணுச் சீட்டான இ-வே பில்லைப் போட்டது நான். லாரி எண்ணில் 83 என்பதை 38 என்று அடித்திருக்கிறேன். ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்த்ததும் நான்தான், இரண்டு முறையும் 83 என்றே படித்திருக்கிறேன். கேரள எல்லையில் இருக்கும் வாளையாரைத் தாண்டியதும் வண்டியை நிறுத்திவிட்டார்கள். "என்னங்க அம்மிணி, தூக்கத்துல டைப் பண்ணுனீங்களா?" என்று முதலாளி போனில் கேட்டார். அவர் கிண்டலாகத்தான் கேட்டார், ஆனால் நடந்தது அதுதான். வாகன எண்ணில் ஓரிரு எழுத்து மாறியிருந்தால் 1000 ரூபாய் அபராதத்தோடு விட்டுவிடலாம் என்று 2018-லேயே ஜிஎஸ்டி சுற்றறிக்கை இருக்கிறது, அதனால் வண்டி தப்பித்தது. என்னை அன்றைக்கே இ-வே பில்லில் இருந்து எடுத்துவிட்டு, பழைய வவுச்சர்களை அடுக்குகிற வேலைக்கு மாற்றினார்கள்.

அதற்குப் பிறகு எனக்கே என்மேல் சந்தேகம் வந்தது. பேசிக்கொண்டிருக்கும்போது எதிரில் இருப்பவர் பெயர் வராது. குக்கர் எத்தனை விசில் விட்டது என்று தெரியாது. மகளுக்குப் பின்னக் கணக்கு சொல்லிக்கொடுக்க உட்கார்ந்து, நடுவில் எங்கே இருந்தேன் என்று எனக்கே விளங்காமல் அவளிடம் எரிந்து விழுந்தேன். தைராய்டு பார்த்தேன், நார்மல். ரத்தச் சோகையும் இல்லை. இந்த வயதிலேயே மறதி நோயா என்று பயந்து அதையும் யாரிடமும் சொல்லவில்லை. ராத்திரி மூன்று மணிக்கு வரும் யோசனைகளைப் பற்றி இங்கே விவரமாக எழுத விருப்பமில்லை. விடிந்தால் போய்விடும், மறுநாள் அதே மூன்று மணிக்கு வந்து நிற்கும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். கடுமையான எக்ஸிமா உள்ளவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் மற்றவர்களைவிட அதிகம் என்பது மருத்துவ உலகத்துக்குத் தெரிந்த சங்கதிதான். அது நோயாளிக்குத் தெரியாது. தன் குணமே இப்படி ஆகிவிட்டது என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருப்பாள்.

மந்தத்தில் பாதி நான் போட்ட மாத்திரையால் வந்தது என்று பிறகு தெரிந்தது. அவில் மாதிரியான அலர்ஜி மாத்திரைகளை அரிப்பு என்றாலே கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிறோம். அவை தூக்கக் கலக்கத்தைத் தரும். ஆனால் எக்ஸிமா அரிப்பு பெரும்பாலும் ஹிஸ்டமின் (இந்த மாத்திரைகள் அடக்கும் ரசாயனம்) விவகாரம் இல்லை, அதனால் அரிப்பு அப்படியே இருக்கும். காலையில் பத்து மணி வரை தலை கனக்கும். அந்த இ-வே பில்லை நான் போட்டது காலை ஒன்பதரைக்கு.

போன வருஷம் ஓர் அரசு மருத்துவமனையில் தோல் பிரிவுக்குப் போனேன். பயிற்சி மருத்துவராக இருந்த ஒரு பெண், என் கையைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு தாளைக் கொடுத்தார். ஏழே கேள்வி. கடந்த ஒரு வாரத்தில் எத்தனை நாள் அரித்தது, எத்தனை நாள் ரத்தம் வந்தது, எத்தனை ராத்திரி இதனால் தூக்கம் கெட்டது என்று போகும். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்தில் இருந்து நான்கு வரை மதிப்பெண், மொத்தம் 28. போயம் என்று பெயர், இங்கிலாந்தில் உருவாக்கியது. எனக்கு 23 வந்தது. 17-ஐத் தொட்டாலே கடுமை என்று கணக்காம். தூக்கக் கேள்விக்கு நாலுக்கு நாலு. முப்பது வருஷத்தில் எத்தனையோ டாக்டர்களைப் பார்த்தாயிற்று, தூக்கத்தை ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. பேனா எழுதவில்லை என்று இரண்டு முறை உதறினேன். பேனா சரியாகத்தான் இருந்தது, கைதான் எழுதவில்லை.

அதன் பிறகு வைத்தியமே வேறு மாதிரி ஆனது. 30 கிராம் ஸ்டீராய்டு களிம்பு டியூபை ஒரு மாதம் வைத்துத் தடவிக்கொண்டிருந்தேன், ஸ்டீராய்டு என்றால் தோல் வெந்துவிடும் என்று பயந்து. விரல் நுனியில் இருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் அரை கிராம், அது விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவுத் தோலுக்கு வேண்டும் என்று காட்டிக் கொடுத்தார்கள். எவ்வளவு நாள், எந்த இடத்தில் என்பதை டாக்டர் சொல்ல வேண்டும்; மருந்துக் கடையில் நாமே வாங்கிப் பூசுவது வேறு கதை. ஈரக்களிம்பு டப்பா டப்பாவாகத் தீர்கிறது. வாரம் ஒரு முறை எதிர்ப்புச் சக்தியை மட்டுப்படுத்தும் மாத்திரை, அதற்காக அவ்வப்போது ரத்தப் பரிசோதனை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போடுகிற டுபிலுமாப் ஊசி 2017-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, நன்றாக வேலை செய்கிறது என்கிறார்கள். அதன் விலையைக் கேட்டுவிட்டு அந்தப் பேச்சை விட்டுவிட்டோம். இப்போது தொடர்ந்து நாலரை மணி நேரம் தூங்குகிறேன். சிரிக்காதீர்கள், எனக்கு அது பெரிய விஷயம்.

குழந்தைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. எக்ஸிமா உள்ள பிள்ளைகளிடம் கவனக் குறைபாடு அதிகம் காணப்படுகிறது, தூக்கம் கெடுகிற பிள்ளைகளிடம் இன்னும் அதிகம். வகுப்பில் கொட்டாவி விடுகிற, கேள்விக்கு விழிக்கிற, உட்கார்ந்த இடத்தில் நெளிகிற பிள்ளையின் முழங்கை மடிப்பை ஆசிரியர்கள் ஒரு தடவை பார்க்க வேண்டும். எனக்கு ஏழாம் வகுப்பில் 'சோம்பேறி' என்று ரிப்போர்ட் கார்டில் எழுதினார்கள். ப்ளஸ் டூ தேர்வில் மூன்று மணி நேரமும் மின்விசிறி இல்லாத ஓரத்தில் வியர்வை அரிப்போடு உட்கார்ந்து எழுதினேன். இடம் மாற்றிக் கேட்கலாம் என்றுகூட அப்போது தெரியாது. காற்று வரும் இடத்தில் உட்கார வைக்க அரசாணை எதுவும் வேண்டியதில்லை.

எனவே என் வேண்டுகோள் ஒன்றுதான். அந்த வாசகியின் கடைசி வரிக்கும் உங்கள் மருத்துவரிடம் பதில் வாங்கிப் போடுங்கள். எத்தனை ராத்திரி தூக்கம் கெடுகிறது என்பதை எழுதி எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போகச் சொல்லுங்கள், டாக்டர் கேட்காவிட்டாலும் அந்த வாசகியே சொல்லட்டும். மனது மிகவும் கனத்தால் அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு எந்த நேரமும் கூப்பிட்டுத் தமிழில் பேசலாம் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். ராத்திரி மூன்று மணிக்கும் எடுக்கிறார்கள்.

இந்தக் கடிதத்தை நாலு நாளாக எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். நல்லவேளை, லாரி எண் சரிபார்க்க வேண்டிய வேலை உங்களுக்கு இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருப்பூர்.