எழுத்து அறியாத அந்த அம்மாவுக்கும், மற்ற அனைவருக்கும்

அன்புடையீர்,

நன்றி என்ற சொல்லின் மூன்று எழுத்துகளும் நாவினால் பிறப்பவை என்பதை, நாக்கு முழுவதும் அகற்றப்பட்ட பிறகே உணர்ந்தேன். நேரில் அதைத் தெளிவாகச் சொல்ல இன்னும் இயலாததால் எழுதுகிறேன்.

தொடையிலிருந்து எடுத்த தோலையும் சதையையும் கொண்டு என் வாயை மீண்டும் கட்டமைத்த அறுவை மருத்துவர்களுக்கும், அந்தச் சதையில் இரத்தம் ஓடுகிறதா என்று இரவெல்லாம் மணிக்கொரு முறை வந்து பார்த்த செவிலியர்களுக்கும், புரையேறாமல் விழுங்கக் கற்றுத்தரும் பயிற்சியாளருக்கும், மூக்குக் குழாய் வழியே வேளை தவறாமல் உணவு செலுத்திய என் மனைவிக்கும் நான் பட்டிருக்கும் கடன் பெரிது.

ஆயினும் என் மனத்தில் முதலில் வந்து நிற்பவர், வார்டைத் துடைக்க வரும் ஓர் அம்மா. மூச்சுவிடக் கழுத்தில் வைத்திருந்த குழாயை எடுத்த பின்பும் நான் சிலேட்டையே நம்பியிருந்தேன். பார்க்க வந்தவர்களில் பலர், நான் எழுதி முடிப்பதற்குள் மனைவியிடம் திரும்பி, "அவருக்கு என்ன வேணுமாம்?" என்று கேட்டார்கள்; சிலர், காது கேளாதவனிடம் பேசுவதுபோல் குரலை உயர்த்தினார்கள். அவர்கள்மீது எனக்கு வருத்தம் இல்லை. முன்பு நானும் அப்படித்தான் நடந்திருப்பேன். ஒரு மாலை, தனியே இருந்தபோது, ஜன்னலைச் சாத்தும்படி அந்த அம்மாவிடம் எழுதிக் காட்டினேன். "எனக்கு எழுத்து தெரியாதுங்கய்யா. வாயாலயே சொல்லுங்க, எத்தனை தடவைன்னாலும் கேக்குறேன்" என்று துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கட்டிலருகே வந்து நின்றார்.

எச்சில் வழிய நான்கு முறை முயன்றேன், புரியவில்லை. அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை, தாமாக எதையோ ஊகித்து என் பேச்சை முடித்துவைக்கவும் இல்லை. ஐந்தாம் முறை அவர் பார்வை ஜன்னலுக்குப் போனது. சாத்திவிட்டு நடந்தவரை, "அம்மா" என்று அழைத்தேன். உதடுகளை மூடித் திறந்தாலே வந்துவிடும் சொல் அது. சட்டென்று திரும்பி, "இன்னும் என்ன வேணுங்கய்யா?" என்றார். எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

அன்றிரவே சிலேட்டை எட்டாத இடத்தில் வைத்துவிட்டேன். பகரமும் மகரமும் வகரமும் என் உதடுகளில் மிஞ்சியிருக்கின்றன. மற்றவற்றை உதட்டாலும் தாடையாலும் தொண்டையாலும் ஓரளவு ஒத்த ஒலியாக்க, நிறுத்தி நிதானமாகப் பேசிப் பழகுகிறேன்.

எழுத்து அறியாத அந்த அம்மா ஒருவருக்குத்தான் இம்மடல் பயன்படாது. அடுத்த பரிசோதனைக்குச் செல்லும்போது அவருக்குரிய நன்றியை வாயாலேயே சொல்ல வேண்டும் என்று, நாள்தோறும் கண்ணாடி முன் நின்று அந்த மூன்று எழுத்துகளையும் பழகி வருகிறேன்.